முந்தின ஆளோட ஃபோல்டர்: தங்கச்சிமடம் ஜெராக்ஸ் கடையில ஓப்பன், சேவ் பாக்ஸை ஒழுங்குபண்ணின விவரம்

ஒரு போட்டுக்காரரோட (மீன்பிடிப் படகு வச்சிருக்கறவரோட) அப்ளிகேஷன்ல வேற ஒருத்தரோட பேங்க் பாஸ்புக் ஏறிப்போச்சு. ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்ல, வரிசையில ஒருத்தருக்கு அடுத்து ஒருத்தர் நின்னாங்க, அம்புட்டுத்தான். திருத்தி அனுப்பச் சொல்லி திரும்ப வந்துச்சு, அந்த அண்ணன் கடைக்கு வந்து சத்தம் போட்டுட்டாரு, அவர் மேல தப்பே சொல்ல முடியாது, பணம் வர வேண்டிய அக்கவுண்ட் நம்பர் சம்பந்தப்பட்ட விஷயம் அது. கடை ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துல மெயின்ரோட்டு மேல, பேரு வேணாம். ரெண்டு சிஸ்டம், ஒரு ஸ்கேனர், ஒரு கலர் பிரிண்டர். கடைக்கார அக்கா, அப்ளிகேஷன் போட ஒரு புள்ள, சாயங்காலம் டிசைன் வேலைக்கு ஒரு தம்பி. அந்தப் பக்கம் சிஸ்டம் சர்வீஸ் பாக்கறவன்ங்கற முறையில அக்கா என்னக் கூப்பிட்டு, "தம்பி, சிஸ்டத்துல வைரஸ் எதுவும் இருக்கான்னு பாரு, ஒருத்தர் ஃபைலு இன்னொருத்தருக்குப் போவுது"ன்னு சொன்னாங்க. வைரஸ் ஒண்ணும் இல்ல. என்ன நடந்துச்சுன்னு முழுசா எழுதுறேன், ஏன்னா இதே அமைப்புல ஓடுற கடைங்க மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், தொண்டின்னு நம்ம கரை நெடுக இருக்கு.

நேரம் என்னன்னு மொதல்ல சொல்லிடணும். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, நாட்டுப்படகு, வல்லம் போகலாம். அப்ப போட்டுல போற ஆளுங்கல்லாம் கரையிலதான் இருப்பாங்க, வருசம் பூரா ஒத்திப்போட்ட பேப்பர் வேலை எல்லாம் அப்பத்தான் நடக்கும், ஆதார் திருத்தம், புள்ளைக்கு சாதிச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப்பு, இன்சூரன்ஸு, போட்டு பேப்பரு, நிவாரணத்துக்குப் பாஸ்புக் நகலுன்னு ஒவ்வொருத்தரும் ஒரு பிளாஸ்டிக் கவரோட வந்து நிப்பாங்க. கடைக்குள்ள கூட்டம், வாசல்ல கூட்டம், நடுவுல கரண்ட் வேற போயிட்டுப் போயிட்டு வரும். இந்த நெருக்கடியிலதான் அந்தப் புள்ள வேலை பாக்குது.

நான் பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்து சும்மா பாத்தேன், எதையும் தொடல. ஒரு ஆளுக்கு ஆதாரை ஸ்கேன் பண்ணுது. ஸ்கேனர் அது பாட்டுக்கு டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள ஒரு பேரப் போட்டு வச்சிருது. அடுத்து பாஸ்புக்கு, ரேஷன் கார்டு. போட்டோ மட்டும் வாட்ஸ்அப்ல வருது, அது டவுன்லோட்ஸ்ல போய் விழுது. இப்ப அந்தப் புள்ள டி டிரைவுக்குப் போயி, ஸ்கேன், 2025, மே, அதுக்குள்ள "நியூ ஃபோல்டர் (3)"ன்னு ஒண்ணு உருவாக்கி, எல்லாத்தையும் அங்க கொண்டு வந்து ஆதார், பாஸ்புக், ரேஷன், போட்டோன்னு பேரு மாத்துது. அப்புறம் வெப்சைட்டுல "சூஸ் ஃபைல்" பட்டன அமுக்குனா ஃபைலத் தேடி எடுக்கற ஓப்பன் பாக்ஸ் தொறக்குது, திஸ் பிசி, டி, ஸ்கேன், 2025, மே, நியூ ஃபோல்டர்னு ஒவ்வொண்ணா டபுள் கிளிக்கு, ஆதார், ஓப்பன். அடுத்த பட்டன், அடுத்த ஃபைல். போட்டோவ கேபி கணக்குல சுருக்கணும்னா அதுக்கு இன்னொரு சாஃப்ட்வேர், அதுல ஒரு ஓப்பன், ஒரு சேவ் ஆஸ், அந்த ரெண்டும் வேற வேற எடத்துல தொறக்கும். ஒரு ஆளுக்கு இம்புட்டு. டைப் பண்ற நேரத்தவிட ஃபோல்டருக்குள்ள நடக்கற நேரம்தான் ஜாஸ்தின்னு கண்ணாலயே தெரிஞ்சுச்சு.

சரி, பாஸ்புக் எப்படி மாறுச்சு? இங்கதான் விஷயமே இருக்கு. விண்டோஸ்ல ஓப்பன், சேவ் பாக்ஸுக்கு ஞாபகம் உண்டு. ஒவ்வொரு சாஃப்ட்வேரும் கடைசியா எந்த ஃபோல்டர்லேருந்து ஃபைல் எடுத்துச்சுன்னு ரெஜிஸ்ட்ரியில, அதாவது விண்டோஸ் தன் செட்டிங்ஸ எழுதி வைக்கற எடத்துல, தனித்தனியா குறிச்சு வச்சிருக்கும், அடுத்த தடவை அங்கயே தொறக்கும். பிரவுசரும் அதுக்குன்னு ஒரு கணக்கு வச்சிருக்கு. குரோம் கடைசியா எடுத்த ஃபோல்டரு எதுவோ அங்க தொறக்கும், எந்த வெப்சைட்டா இருந்தாலும் சரி. ஃபயர்ஃபாக்ஸ் வெப்சைட் வாரியா ஞாபகம் வச்சுக்கும், இந்த சைட்டுக்கு இந்த ஃபோல்டரு, அந்த சைட்டுக்கு அந்த ஃபோல்டருன்னு. தனியாள் வீட்ல வச்சிருக்கற கம்ப்யூட்டருக்கு இது ரொம்ப நல்ல ஏற்பாடு. ஆனா அடுத்தடுத்து வேற வேற ஆளுக்கு வேலை பாக்கற கடையில இந்த ஞாபகம் என்ன பண்ணும்? புது ஆளுக்கு மொத தடவை பாக்ஸ் தொறக்கும்போது முந்தின ஆளோட ஃபோல்டர்ல போய் நிக்கும்.

அந்த ஃபோல்டருக்குள்ள என்ன இருக்கு? ஆதார், பாஸ்புக், ரேஷன், போட்டோ. புது ஆளோட ஃபோல்டர்லயும் அதே நாலு பேரு. வியூ வேற லிஸ்ட்ல இருக்கு, படமே தெரியாது, பேரு மட்டும்தான். கண்ணு பாஸ்புக்குங்கற பேரத் தேடுது, பேரு இருக்கு, கை அமுக்கிருச்சு. ஃபோல்டருக்கும் நியூ ஃபோல்டர் (3), நியூ ஃபோல்டர் (4)ன்னுதான் பேரு, அதையும் பாத்துத் தெரிஞ்சுக்க வழியில்ல. யாரா இருந்தாலும் மாத்தித்தான் அமுக்குவாங்க. அக்கா அந்தப் புள்ளயத் திட்டிட்டாங்க, "பாத்துப் பண்ண மாட்டியா"ன்னு. நான் அக்காகிட்ட நேராவே சொன்னேன், அக்கா, இது கவனக்குறைவு இல்ல, நாள் முழுக்க இதே பாக்ஸ மறுபடி மறுபடி தொறக்கற ஒரு ஆளுகிட்ட ஒவ்வொரு தடவையும் உஷாரா இருன்னு கேக்கறது நியாயமே இல்ல, பாக்ஸ் தொறந்தா சரியான ஆளோட பேப்பரு மட்டும்தான் கண்ணுல படணும், அப்படி ஏற்பாடு பண்ணிட்டா உஷாரா இருக்க வேண்டிய தேவையே பாதி கொறஞ்சிரும்னு.

நெறைய பேரு இந்த எடத்துல ஷார்ட்கட் கீ சொல்லிக்குடுத்துட்டுப் போயிருவாங்க. ஷார்ட்கட் கீ நல்லதுதான், கீழ சொல்றேன், ஆனா அது ரெண்டாவது. தப்பான எடத்துக்கு வெரசாப் போறதுல என்ன லாபம். மொதல்ல எடத்தச் சரி பண்ணணும்.

பண்ணினது இதுதான். டி டிரைவுல ஒரே ஒரு ஃபோல்டர், பேரு வெறும் 0. அதான், சைபர். நம்பர்ல ஆரம்பிக்கறதால லிஸ்ட்ல எப்பவும் மேல நிக்கும், டைப் பண்ணவும் லேசு. ஸ்கேனர் சாஃப்ட்வேர் செட்டிங்ஸ்ல சேவ் ஆகற எடத்த டி:\0ன்னு மாத்தியாச்சு. பிரவுசர் டவுன்லோட் லொக்கேஷனையும் டி:\0ன்னு மாத்தியாச்சு, அதனால வாட்ஸ்அப் வெப்ல வர்ற போட்டோவும் அங்கயே விழும். போட்டோ சுருக்கற சாஃப்ட்வேரும் அங்கயேதான் எடுக்குது, அங்கயேதான் வைக்குது. ஒரு நேரத்துல அந்த ஃபோல்டர்ல ஒரே ஒரு ஆளோட பேப்பருதான் இருக்கும். அவர் வேலை முடிஞ்சு ரசீது பிரிண்ட் எடுத்த உடனே உள்ள இருக்கற எல்லாத்தையும் "முடிஞ்சது"ங்கற ஃபோல்டருக்குள்ள தேதியும் பேரும் போட்டு நகத்திடணும், 0 காலியாயிரணும். அதுக்கப்புறம்தான் அடுத்த ஆள்.

இதுல அழகு என்னன்னா, மொதல்ல வினையா இருந்த அதே ஞாபகம் இப்ப நமக்கு வேலை பாக்குது. எல்லா சாஃப்ட்வேரும் கடைசியா போன எடம் டி:\0, அதனால எத தொறந்தாலும் பாக்ஸ் டி:\0லதான் வந்து நிக்கும். ஃபோல்டருக்குள்ள நடக்கற வேலையே இல்ல. மாறிப்போறதுக்கு வேற ஆளோட ஃபைலும் அங்க இல்ல.

அக்காவோட வீட்டுக்காரரு போட்டு வச்சிருக்கறவரு, பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தவரு, "இது எங்க ஏலம் மாதிரியில்ல இருக்கு, ஒரு போட்டு மீன ஏலம் விட்டு அள்ளுனதுக்கு அப்புறம்தான் அடுத்த போட்டு மீனக் கொட்டுவோம், கலந்துட்டா எவன் பாடு எதுன்னு யாருக்குத் தெரியும்"னாரு. அதுக்கப்புறம் அந்தப் புள்ளைக்கு நான் விளக்கவே வேண்டியதில்லாமப் போச்சு.

நகத்தற வேலைய யாரும் மறக்கக்கூடாதுன்னு டெஸ்க்டாப்புல ஒரு சின்ன பேட்ச் ஃபைல் (கமாண்டுகள வரிசையா ஓட்டற ஃபைல்) எழுதி வச்சேன், டபுள் கிளிக் பண்ணினா பேரக் கேக்கும், பேர டைப் பண்ணி எண்டர் அடிச்சா இன்னைக்குத் தேதியோட ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாத்தையும் அங்க நகத்திரும். தேதிய வருசம், மாசம், நாளுங்கற வரிசையிலதான் போடணும், 2025-05-20 இப்படி. நம்ம ஊர் செட்டிங்ஸ்ல விண்டோஸ் நாள், மாசம், வருசம்னு குடுக்கும், அத அப்படியே ஃபோல்டர் பேராப் போட்டா எல்லா மாசத்து 1ஆம் தேதியும் ஒண்ணா சேந்து நிக்கும், எதையும் தேட முடியாது. அதனால பேட்ச் ஃபைலுக்குள்ளயே திருப்பிப் போட்டிருக்கு.

இனி பாக்ஸுக்குள்ள கை வேகத்துக்கு. இந்த பாக்ஸுக்குக் கீழ "ஃபைல் நேம்"னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல ஃபைல் பேரு மட்டும்தான் அடிக்கணும்னு நெனச்சுக்கிட்டுத்தான் பாதிப் பேரு இருக்காங்க. அது ஃபோல்டர் வழியையும் வாங்கிக்கும். டி:\0ன்னு அடிச்சு எண்டர் தட்டுங்க, ஃபைல் எதுவும் தொறக்காது, நேரா அந்த ஃபோல்டருக்குள்ள கொண்டு போய் விட்டுரும். ரெண்டு புள்ளி வச்சு எண்டர் அடிச்சா ஒரு படி மேல போகும், ஆல்ட்டோட மேல் அம்புக்குறிய அமுக்குனாலும் அதேதான். பேக்ஸ்லாஷ் மட்டும் அடிச்சா அந்த டிரைவோட தலைவாசலுக்குப் போயிரும். டைப் பண்ணப் பண்ண கீழ யோசனையும் காட்டும், முழுசா அடிக்கவே வேண்டியதில்ல. பாக்ஸ் தொறந்ததும் கர்சர் அந்தக் கட்டத்துலதான் நிக்கும், வேற எங்கயாவது போயிருந்தா ஆல்ட்+என். மேல இருக்கற அட்ரஸ் பாருக்குப் போகணும்னா ஆல்ட்+டி இல்லாட்டி கண்ட்ரோல்+எல்.

அதே கட்டத்துல நட்சத்திரக்குறி, புள்ளி, பிடிஎஃப்னு அடிச்சு எண்டர் தட்டுனா பிடிஎஃப் ஃபைல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், மத்ததெல்லாம் மறைஞ்சுக்கும். வெப்சைட்டு பிடிஎஃப்தான் வேணும்னு கேக்கற எடத்துல, ஃபோல்டர்ல ஜேபெக்கும் பிடிஎஃபும் கலந்து கெடக்கும்போது இது பெரிய உதவி.

இன்னொண்ணு, எக்ஸ்புளோரர்ல ஏற்கனவே ஃபைல் கண்ணு முன்னாடி இருக்குன்னா திரும்ப பாக்ஸ்ல தேடவே கூடாது. ஷிப்ட்ட அமுக்கிக்கிட்டு ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணா "காப்பி ஆஸ் பாத்"னு வரும், விண்டோஸ் 11ல ஷிப்ட் இல்லாமயே வருது, கண்ட்ரோல்+ஷிப்ட்+சியும் வேலை செய்யும். அந்த வழிய பாக்ஸோட ஃபைல் நேம் கட்டத்துல பேஸ்ட் பண்ணி எண்டர். மேற்கோள் குறியோட ஒட்டும், அத அழிக்கத் தேவையில்ல.

வியூவையும் மாத்தினேன். பாக்ஸுக்குள்ள கண்ட்ரோல அமுக்கிக்கிட்டு மவுஸ் சக்கரத்த உருட்டுனா படம் பெருசாகும். பெரிய ஐகான்ல வச்சுட்டா ஆதார்ல இருக்கற மூஞ்சியும் எதுத்தாப்புல நிக்கற மூஞ்சியும் ஒண்ணான்னு ஓப்பன் அமுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். எனக்கு இதுலதான் ரொம்பத் திருப்தி. ஒரு செட்டிங் மாத்தறதுதான், ஆனா தப்பு நடக்கற அந்த எடத்துலயே நிறுத்துது. சில வெப்சைட்டுங்க ஃபைல் பேருல ஸ்பேஸோ ஸ்பெஷல் குறியோ இருந்தா ஏத்திக்காது, அதுக்காக திரும்ப எக்ஸ்புளோரருக்குப் போக வேண்டாம், பாக்ஸுக்குள்ளயே எஃப்2 அடிச்சுப் பேரு மாத்தலாம், டெலீட்டும் பண்ணலாம்.

தமிழ் டைப்பிங்தான் ஒரு தொந்தரவு. கடையில தமிழ்ல மனு அடிச்சுக்கிட்டே இருப்பாங்க, நடுவுல பாக்ஸ் தொறந்து டி:\0ன்னு அடிச்சா தமிழ் எழுத்து வந்து விழும், "அப்படி ஒரு ஃபைல் இல்ல"ன்னு எர்ரர் வரும், அந்தப் புள்ள நான் சொன்ன வழியே வேலை செய்யலன்னு நெனச்சிருச்சு. விண்டோஸ் கீயும் ஸ்பேஸ்பாரும் சேத்து அமுக்கி கீபோர்ட மாத்திட்டு அடிக்கணும். ரொம்ப மும்முரமா இருக்கற நேரத்துல இதுவும் இடைஞ்சல்தான்னு டி:\0 ஃபோல்டர குயிக் ஆக்ஸஸ்ல பின் பண்ணி வச்சிட்டேன், ஃபோல்டர் மேல ரைட் கிளிக், பின் டு குயிக் ஆக்ஸஸ். எந்த பாக்ஸ் தொறந்தாலும் இடது பக்கம் மேல நிக்கும், ஒரே கிளிக்கு. எக்ஸ்பி காலத்துல அந்தப் பக்கப் பட்டையில அஞ்சே அஞ்சு எடம்தான் இருக்கும், அத மாத்தணும்னா ரெஜிஸ்ட்ரிக்குள்ளயோ பாலிசிக்குள்ளயோ கை வைக்கணும். 2015ல விண்டோஸ் 10 வந்ததுலேருந்து இந்த குயிக் ஆக்ஸஸ் இருக்கு, இருந்தும் டெஸ்க்டாப் பூரா ஃபோல்டராக் கொட்டி வச்சிருக்கற கடைங்கதான் அதிகம்.

டிசைன் சிஸ்டம் கதை வேற. அங்க ஒரே ஃபோல்டர் ஏற்பாடு ஒத்து வராது, ஏன்னா அதே ஆளு திரும்ப வருவாரு, போன வருசத் திருவிழா நோட்டீஸ எடுத்து தேதி மாத்திக் குடும்பாரு, காதணி விழா பேனர்ல இருந்த போட்டோவ எடுத்து வேற ஒண்ணுல போடச் சொல்லுவாரு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்னா உடனே வேணும், சொந்தக்காரங்க வாசல்லயே நிப்பாங்க, அந்த நேரத்துல போட்டோ எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு இருக்க முடியாது. அந்தத் தம்பி ஊரு, தெரு, குடும்பப் பேரு, விழா பேருன்னு தமிழ்லயே நீள நீளமா ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் போட்டு வச்சிருந்தான். பாக்க ஒழுங்காத்தான் இருந்துச்சு, ஆனா சில ஃபைல் சேவ் ஆகாம அடம் பிடிச்சுச்சு. விண்டோஸ்ல பல சாஃப்ட்வேருக்கு ஃபைலோட முழு வழி 260 எழுத்துக்குள்ள இருக்கணும், தமிழ்ல புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்தாத்தான் கணக்காகும். தங்கச்சிமடம்னு நம்ம கண்ணுக்கு எட்டு எழுத்து, கம்ப்யூட்டருக்கு 12. அப்படி அஞ்சாறு அடுக்கு போனா எல்லை தாண்டிரும். ரெண்டே அடுக்கா கொறச்சோம், வருசம், அதுக்குள்ள குடும்பப் பேரோட வேலை. அவ்வளவுதான்.

அவனுக்கு லிஸ்ட்டரின்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தேன். எக்ஸ்புளோரர்ல ஒரு ஃபோல்டர் தொறந்திருக்கும்போது, டிசைன் சாஃப்ட்வேர்ல சேவ் பாக்ஸ் வந்ததும் கண்ட்ரோல்+ஜி அடிச்சா பாக்ஸ் தானா அந்த ஃபோல்டருக்கு வந்துரும். டிசைன் வேலை பாக்கறவங்களுக்கு இதவிட நேரம் மிச்சம் பண்ற விஷயம் வேற எதுவும் எனக்குத் தெரியல, படத்த எடுக்கறது ஒரு சாஃப்ட்வேர், வெட்டறது ஒண்ணு, பேஜ் போடறது ஒண்ணுன்னு ஒவ்வொண்ணும் அது அதுக்கு ஒரு ஞாபகம் வச்சுக்கிட்டு வேற வேற எடத்துல தொறக்கும், கண்ட்ரோல்+ஜி எல்லாத்தையும் ஒரே எடத்துக்கு இழுத்துரும். வேர்டுல மனு அடிக்கும்போது சேவ் கொடுத்தா ஒரு பெரிய ஸ்கிரீன் வந்து நிக்குதே, அது வேணாம்னா எஃப்12, நேரா பழைய சேவ் ஆஸ் பாக்ஸ் வந்துரும்.

சப்ஸ்ட் கமாண்ட் போட்டு நீளமான ஃபோல்டருக்கு ஒரு டிரைவ் எழுத்து குடுத்துக்கலாமான்னு தம்பி கேட்டான். குடுக்கலாம், நல்லாவே வேலை செய்யும், ஆனா சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆனா அது போயிரும், ஸ்டார்ட்டப்ல திரும்பப் போட்டு வைக்கணும். கரண்ட் இப்படிப் போற ஊர்ல, யூபிஎஸ் பேட்டரியும் உப்புக்காத்துல வாங்குன வேகத்துல மண்டையப் போடற எடத்துல, காலையில டிரைவ் காணோம்னு போன் வரும். வேணாம்னுட்டேன். அதே மாதிரி மொத சிஸ்டத்தோட ஃபோல்டர ரெண்டாவது சிஸ்டத்துல நெட்வொர்க் வழியா பின் பண்ணி வச்சிருந்தான், அத எடுத்துட்டேன். மொத சிஸ்டம் ஆஃப்ல இருந்தா அந்த பின்ன தேடிக்கிட்டு பாக்ஸே தொறக்காம திணறும், சிஸ்டம் ஸ்லோன்னு எல்லாரும் ரேம் மேல பழியப் போடுவாங்க.

இப்ப நிலைமை. அந்த மாதிரி மாறிப்போனது அதுக்கப்புறம் நடக்கலன்னு அக்கா சொல்றாங்க. அந்தப் புள்ள ஃபைல் நேம் கட்டத்த விரும்பவே இல்ல, குயிக் ஆக்ஸஸ் கிளிக்குதான் வச்சிருக்கு, அதுவும் சரிதான், எது கைக்கு வருதோ அது. தம்பி கண்ட்ரோல்+ஜி இல்லாம இருக்க மாட்டான். சரியாகாத ஒண்ணும் இருக்கு, கூட்டம் அதிகமானா 0 ஃபோல்டர காலி பண்ணாமயே அடுத்த ஆள ஸ்கேன் பண்ற பழக்கம். அதுக்கு அக்காதான் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, காசு வாங்கறதுக்கு முன்னாடி "நகத்திட்டியா"ன்னு கேக்கறாங்க, நகத்தினாத்தான் பில்லு.

"முடிஞ்சது" ஃபோல்டரப் பத்தியும் அக்காகிட்ட கண்டிப்பா சொல்லியிருக்கேன். முன்னாடி டவுன்லோட்ஸ்ல எந்த வருசத்து ஆதாரு, யாரு பாஸ்புக்குன்னே தெரியாம கெடந்துச்சு, பென்டிரைவோட வர்ற யாரு வேணாலும் அள்ளிட்டுப் போகலாம். இப்ப ஆள்வாரியா தேதியோட இருக்கறதால, அப்ளிகேஷன் ஓகே ஆனதும் அந்த ஆளக் கேட்டு அழிச்சிரலாம், வேணும்னு சொல்றவங்களுக்கு மட்டும் வச்சிருக்கலாம். அழிக்கும்போது ஷிப்ட்+டெலீட், இல்லாட்டி ரீசைக்கிள் பின்ல உக்காந்திருக்கும்.

வேற சிஸ்டம் வச்சிருக்கறவங்களுக்கு: லினக்ஸ்ல பெரும்பாலான ஓப்பன் பாக்ஸ்ல கண்ட்ரோல்+எல் அடிச்சா வழிய டைப் பண்ற கட்டம் வரும், ஸ்லாஷ் அடிச்சாலும் வரும், அடிக்கடி போற ஃபோல்டர ஃபைல் மேனேஜர்ல கண்ட்ரோல்+டி போட்டு புக்மார்க் பண்ணிட்டா பாக்ஸோட ஓரத்துலயும் தெரியும். மேக்ல கமாண்ட்+ஷிப்ட்+ஜி. மேக்ல எக்ஸ்ட்ராவா, ஃபைண்டர்லேருந்து ஒரு ஃபோல்டர இழுத்து பாக்ஸ் மேல போட்டா பாக்ஸ் அந்த ஃபோல்டருக்குப் போயிரும். விண்டோஸ்ல அப்படி இழுத்துப் போட்டுறாதீங்க, அங்க அது ஃபோல்டரையே நகத்திரும், இல்லாட்டி காப்பி எடுத்துரும்.